இன்றைய தோழி

"இன்னைக்கு உங்க டூட்டியா டீச்சர்?" என்றுதான் முத்துப்பேச்சி கேட்டாள், வேறொன்றும் கேட்கவில்லை, கேட்டுவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து எனக்கு உட்கார இடம் விட்டாள், நானும் உட்கார்ந்தேன், உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே ஆமா பிள்ள என்று சொன்னேன். ஆமா என்று சொன்னேனே. சாப்பாட்டு மணி முடிந்து, கை கழுவி, ஏழாம் வகுப்புக்கு வந்து, கரும்பலகையில் செரிமான மண்டலத்தை வரைந்துபோட்டு, எல்லாரும் பார்த்து வரைங்க, பேச்சுக் குரல் கேக்கக் கூடாது என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அந்த ஆமா என் வாயிலேயே இருக்கிறது. வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இப்போது வரிசையாக வருகிறது. டூட்டியா, என்ன டூட்டி, சும்மா உன்கூடச் சாப்பிடலாம்னு வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சிரித்திருக்கலாம். காது கேட்காத மாதிரி இருந்திருக்கலாம், இருபது வருஷமாக வகுப்பில் அதைத்தானே செய்கிறேன். ஆனால் அவள் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. குத்தலாகக் கேட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் குத்தல் எனக்குப் பழக்கம். அவள் தண்ணீர் வருகிறதா என்று குழாயடியில் கேட்கிற மாதிரி கேட்டாள். கேட்டுவிட்டு முட்டையை இரண்டாகப் பிட்டு, மஞ்சள் கருவைக் கடைசியில் சாப்பிடுவதற்காக ஓரத்தில் வைத்தாள். நான் என் தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே மின்விசிறி கிறீச்சென்று சத்தம் போடுகிறது. ஜன்னல் வழியே உப்பளத்துக் காற்று வந்து முகத்தில் பிசுபிசுக்கிறது, சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை, கடைசி பெஞ்சில் யாரோ பென்சில் சீவும் சத்தம். நான் கரும்பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். வேண்டுமென்றுதான். எல்லா வகுப்பிலும் போல இங்கேயும் பலகையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னக் கட்டம், தேதி, பதிவு, வருகை. அதற்குக் கீழே இந்த வகுப்பில் மட்டும் இன்னொரு வரி, நான் சேர்த்தது, பச்சைச் சாக்பீஸில். இன்றைய தோழி. அதற்கு நேராக இரண்டு பேர். சந்தனமாரி, இன்பென்டா. இன்பென்டாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. சந்தனமாரியை ஆண்டு விழா டான்ஸ் ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் முத்துப்பேச்சி வராந்தா ஓரத்தில், அறிவியல் அறை ஜன்னலுக்குக் கீழே, தனியாக உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் நான் போனேன். ஸ்டாஃப் ரூமிலிருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது எனக்கு என்னைப் பற்றி எவ்வளவு நல்ல எண்ணம் இருந்தது. எந்த டீச்சர் இப்படிப் போய்த் தரையில் உட்காருவாள், இந்த ஜெயக்கொடி டீச்சர் உட்காருவாள். வராந்தாவில் எதிரே வந்த பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறார்களா என்றுகூட ஓரக்கண்ணால் பார்த்தேன். நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது.

இது எங்கே ஆரம்பித்தது. தட்டில் ஆரம்பித்தது. ஜூலையிலோ ஆகஸ்டிலோ எனக்குச் சாப்பாட்டு மேற்பார்வை போட்டிருந்த ஒரு வாரம், ஒரு பிள்ளை குழாயடியில் நின்று தட்டைக் கழுவிக்கொண்டே இருப்பதைப் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் கழுவி, உதறி, ஓடிப்போய் விளையாடி, வேர்த்து வந்து தண்ணீர் குடிக்கிறவரை அவள் கழுவிக்கொண்டே இருந்தாள். முதல் நாள் சுத்தமான பிள்ளை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் தண்ணீரை வீணாக்குகிறாள் என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டதும் குழாயை மூடிவிட்டு, காலித் தட்டை வெறும் கையால் தேய்த்துக்கொண்டு நின்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அதற்கப்புறம்தான் பயிற்சி வந்தது. வட்டார வள மையத்தில் இரண்டு நாள், டீ, பருப்புவடை, புரொஜெக்டர், என் தம்பி வயசில் ஒரு பையன் வந்து ஆறு ஏழு எட்டு வகுப்புப் பிள்ளைகளிடம் எப்படி ஒட்டுவது என்று சொல்லிக்கொடுத்தான். குழந்தையுமில்லாத பெரியவங்களுமில்லாத வயசு டீச்சர், அவங்களுக்கு வீட்டுலயும் பிடிமானம் இல்ல, நண்பர்களும் மாறிக்கிட்டே இருப்பாங்க, தினமும் ஒரே பிள்ளைகிட்ட ரெண்டு நிமிஷம் பாடத்தத் தவிர வேற எதையாவது பேசுங்க, ரெண்டு வாரம் விடாம பேசுங்க, என்ன நடக்குதுன்னு பாருங்க. எனக்குப் பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் ரெண்டு நிமிஷம் பேசினா போர்ஷன யாரு முடிக்கது என்று முணுமுணுத்தாள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தத் தட்டு ஞாபகத்துக்கு வந்தது. அதுவரைக்கும் சரிதான். அதுவரைக்கும் நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று நினைக்கிறேன், நினைத்துவிட்டுப் போகிறேனே, எங்காவது ஒரு இடத்திலாவது நான் சரியாக இருந்திருக்க வேண்டுமே.

முதல் நாள் என்ன சாப்பிட்டே என்று கேட்டேன், பள்ளிக்கூடத்துச் சாப்பாடு டீச்சர் என்றாள், எனக்கு வேறு கேள்வி வரவில்லை. இருபது வருஷம் பேசிப் பேசியே சம்பளம் வாங்குகிறவளுக்கு ஒரு பிள்ளையிடம் இரண்டு நிமிஷம் பேச வாய் வரவில்லை. மறுநாள் வீட்டில் யார் யார் என்றேன். அம்மா இறால் கம்பெனிக்குப் போகிறாள், அப்பா மீன் பிடிக்கத் தங்கு கடலுக்குப் போனால் வர நாளாகும், ஒரு தம்பி. அப்புறம் ஒருநாள் அவளாகவே, எங்க வீட்டு ஃபேன மூணுல வச்சா பாட்டு மாதிரி சத்தம் வரும் டீச்சர், நாலுல வச்சா வராது என்றாள். எந்தப் பாட்டு என்று கேட்டேன். யோசித்து மறுநாள் வந்து சொன்னாள், ஒரு பாட்டு இல்ல டீச்சர், பாட்டு தொடங்குறதுக்கு முன்னால வருமே, அது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் எங்கள் ஃபேனை மூன்றில் வைத்துப் பார்த்தேன். அந்த நாட்கள் நன்றாக இருந்தன. ஒருநாள் குழாயடியில் நானே அவள் பக்கத்தில் என் டப்பாவைக் கழுவிக்கொண்டு, ஏன் பிள்ள இவ்வளவு நேரம் கழுவுத என்று கேட்டேன். அவள் தட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தேய்த்தாள். "கழுவிக்கிட்டு இருந்தா ஏன் தனியா நிக்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க டீச்சர்" என்றாள். போன வருஷம் ஆறாம் வகுப்பில் குற்றாலத்துக்குச் சுற்றுலா போனபோது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிள்ளையின் புதுச் சுடிதார் மேல் வாந்தி எடுத்துவிட்டாளாம். அவ்வளவுதான் காரணம். அதற்கப்புறம் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை, முதலில் வாந்திக்காக, பிறகு யாரும் உட்காருவதில்லை என்பதற்காக. அதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. டீச்சரிடம் சொல்வது சுவரிடம் சொல்வது என்று நினைத்திருப்பாள்.

கேட்டதும் நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது எனக்கு. அப்படி நெஞ்சு அடைத்தபோது ஒரு மனுஷி என்ன செய்வாள், பக்கத்தில் நிற்பாள். டீச்சர் என்ன செய்வாள், ஏற்பாடு செய்வாள். எங்களுக்கு ஏற்பாடுதான் தெரியும். கரும்பலகை துடைக்க ஒரு லீடர், தண்ணீர் பிடிக்க இரண்டு பேர், செருப்பு வரிசைக்கு ஒருத்தன், செடிக்கு ஊற்ற ஒரு குழு, எல்லாவற்றுக்கும் முறை போட்டால் எல்லாம் நடக்கும் என்று நம்பிப் பிழைப்பு நடத்துகிற கூட்டம் நாங்கள். அதனால் மறுநாள் முதல் பீரியடில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, ஆமாம், எழுந்து நிற்கச் சொல்லி, பிள்ளைங்களா, நம்ம முத்துப்பேச்சி மத்தியானம் தனியா இருக்கா, அது உங்களுக்கு நல்லாவா இருக்கு, இன்னையிலருந்து தினமும் ரெண்டு பேர் அவகூட உக்காந்து சாப்பிடணும், வருகைப் பதிவு வரிசைப்படி, பொம்பளப் பிள்ளைங்க மட்டும், யாரு யாருன்னு நான் போர்டுல எழுதுவேன் என்றேன். அறை முழுக்கச் சத்தமில்லை. நான் அதை மனம் உருகிய அமைதி என்று நினைத்தேன். அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உட்காரச் சொல்ல நான் மறந்துவிட்டேன், பாடம் ஆரம்பித்து எவ்வளவோ நேரம் கழித்துத்தான் கவனித்தேன், ஏன் பிள்ள நிக்க, உக்காரு என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"டீச்சர், சிறுகுடலுக்கு என்ன கலர்?"

எந்தக் கலரும் வேண்டாம், பென்சில்ல வரைஞ்சா போதும் என்கிறேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. சிறுகுடலை நான் பலகையில் கொஞ்சம் அவசரமாகத்தான் வரைந்திருக்கிறேன், முறுக்குப் பிழிந்த மாதிரி இருக்கிறது. வாய், உணவுக்குழாய், இரைப்பை. இரைப்பை என்று எழுதும்போது பின்பக்கம் ஒரு பையன் ஓக் என்று மெல்லச் சத்தம் கொடுத்தான், இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரைப் பார்த்து என்று எனக்குத் தெரியும். திரும்பி அதட்டியிருக்க வேண்டும். அதட்டினால் எதற்கு அதட்டினேன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், தெரியாத ஒன்றிரண்டு பேருக்கும் தெரிந்துவிடும், அதனால் சாக்பீஸை அழுத்தி எழுதினேன். இன்றைக்கு இந்தப் பாடத்தை எடுத்தே இருக்க வேண்டாம். முத்துப்பேச்சி இரண்டாவது பெஞ்சில், ஜன்னலோரம். அவள் பெஞ்சில் இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் மூட்டைப்பூச்சிக்குப் பயந்த மாதிரி ஒரு சாண் இடைவெளி. ரப்பரால் அழித்து அழித்து வரைகிறாள். தலை குனிந்திருக்கிறது. நிமிர்ந்தால் என் கண்ணில் படுவாள், நிமிர வேண்டாம் என்று நான் வேண்டிக்கொள்கிறேன், ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளை நிமிரக் கூடாது என்று நாற்பத்தாறு வயசுப் பொம்பளை வேண்டிக்கொள்கிறேன்.

டூட்டி என்ற வார்த்தை எனக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்று எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொள்வேன். பொய். போன வாரமே காதில் விழுந்தது. மாடிப்படியில் இரண்டு பிள்ளைகள், ஏட்டி நாளைக்கு எனக்கு டூட்டி, நீ பாத்துக்க, உனக்கு மாங்கா தாரேன் என்றாள் ஒருத்தி, போடி, போன தடவயும் நான்தான் பாத்தேன் என்றாள் மற்றவள். தண்ணீர் டூட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் டூட்டிக்கு யார் மாங்காய் தருவார்கள், அந்த டூட்டிக்குத்தான் சண்டை போட்டுக்கொண்டு வருவார்களே, வெளியே சுற்றலாம் என்று. எனக்குத் தெரியும். படியில் ஒரு நொடி நின்றேன், நின்ற காலை எடுத்து வைத்தேன், அதுதான் நடந்தது. தெரிந்துகொண்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். செய்தால் போட்டோவை என்ன செய்வது. போட்டோவும் நான் எடுத்ததுதான், முதல் வாரத்திலேயே, மூன்று பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து தட்டோடு. பயிற்சியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், யாரும் தனியாக இல்லை, எங்கள் ஏழாம் வகுப்பில் என்று கீழே எழுதி. கைதட்டல் மேல் கைதட்டல். அருமை டீச்சர், முன்மாதிரி டீச்சர். ஃபோனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நன்றி போட்டேன். ஹெச்எம் ஞானப்பூ டீச்சர் அதைக் காலை வழிபாட்டிலேயே மைக்கில் சொன்னார்கள், பேரோடு சொன்னார்கள், ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் முத்துப்பேச்சியோடு உட்கார ஆள் இல்லை என்பது அப்படித்தான் தெரிந்தது. நான் மேடையில் நின்று கையைக் கட்டிக்கொண்டு, அடக்கமாக, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வருகிற திங்கட்கிழமை பயிற்சி கொடுத்த அந்தத் தம்பியே கேமராவோடு வருகிறான், மற்ற பள்ளிகளுக்குக் காட்டுவதற்கு. ஞானப்பூ டீச்சர் வராந்தாவுக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

போட்டோவைக் குழுவில் போட்ட அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ஆரபியிடம் போட்டோவைக் காட்டினேன். என் மகள், எட்டாம் வகுப்பு, வேறு பள்ளிக்கூடம், என்னிடம் பேசுவதென்றால் ம் என்ற ஒரே எழுத்துதான். தோசையைப் பிய்த்துக்கொண்டே ஃபோனைப் பார்த்தாள். "அந்தப் பிள்ளகிட்ட கேட்டியாம்மா?" என்றாள். என்ன கேட்க. "இப்படிப் போர்டுல எழுதவா, போட்டோ எடுக்கவான்னு." இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு, நல்லதுதானே பண்ணுதேன் என்றேன். ம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நீ யாரு கூட உக்காந்து சாப்பிடுத ஸ்கூல்ல என்று பேச்சுக்குக் கேட்டேன், உண்மையிலேயே எனக்குத் தெரியாது, ஊரார் பிள்ளையைப் பற்றித் தெரிந்த எனக்கு இது தெரியாது. "எதுக்கு, ஆளு அனுப்பவா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அப்பா சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது, வாய்க்கொழுப்பு என்று திட்டினேன், கதவு சாத்திய பிறகும் திட்டினேன். அவள் எதற்காக அப்படிக் கேட்டாள். அவளும் எங்கேயாவது தட்டைக் கழுவிக்கொண்டு நிற்கிறாளா. அங்கே ஏதாவது ஒரு டீச்சர் அவளை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறாளா. கேட்க வேண்டும். கேட்டால் ம் என்பாள்.

அழித்துவிட்டால் என்ன. எழுந்து, திரும்பி, டஸ்டரை எடுத்து அந்தப் பச்சை வரியை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டால் என்ன. இனிமேல் கிடையாது பிள்ளைங்களா, அவங்கவங்க இஷ்டம் போல உக்காருங்க. அழித்தால் ஏன் என்று கேட்பார்கள், இந்த வயசுப் பிள்ளைகளுக்கு ஏன் என்று கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நான் பதில் சொல்லாவிட்டால் அவர்களே ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள், முத்துப்பேச்சிதான் டீச்சரிடம் போட்டுக்கொடுத்தாள் என்பார்கள். எல்லாரையும் நிற்க வைத்து டூட்டி என்று சொன்னது யார் என்று கேட்கலாம். அதுவும் அவளைத்தான் நிற்க வைப்பதாகும். தனியாகக் கூப்பிட்டு மன்னித்துக்கொள் பிள்ளை என்று சொல்லலாம். டீச்சர் மன்னிப்புக் கேட்டால் அவள் என்ன செய்வாள், பயந்துபோவாள், பரவால்ல டீச்சர் என்பாள், பரவால்ல டீச்சர் என்று அவள் சொல்வதைக் கேட்டு எனக்கு நிம்மதியாகிவிடும். அதற்காகத்தானே கேட்பேன். எப்படித் திருப்பிப் போட்டாலும் என் நிம்மதியில் வந்து நிற்கிறது. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானோ. அந்த நெஞ்சு அடைத்ததைத் தாங்க முடியாமல்தானே மறுநாளே முறை போட்டேன், அவள் தனியாக இருப்பது அவளைவிட எனக்கல்லவா பொறுக்கவில்லை. முறை போட்டதற்கு அப்புறம் நான் அவளிடம் அந்த இரண்டு நிமிஷம் பேசினேனா. இல்லை. அதுதான் தினமும் இரண்டு பேர் இருக்கிறார்களே என்று விட்டுவிட்டேன். ஃபேன் இப்போது எந்தச் சத்தம் போடுகிறது என்று கேட்கவே இல்லை. இன்றைக்குச் சந்தனமாரி இருந்திருந்தால் நான் அங்கே போய் உட்கார்ந்திருப்பேனா. மாட்டேன். ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சரின் வத்தக்குழம்பைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆள் இல்லாத இடத்துக்கு ஆளாகத்தான் போனேன். அப்படியானால் அவள் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னதும் சரியான பதில். ஆமா பிள்ள.

ஒரு தடவை நிமிர்ந்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே நிமிர்ந்துவிட்டாள். பலகையைத்தான் பார்க்கிறாள், பெருங்குடல் எங்கே முடிகிறது என்று பார்க்கிறாள், ஆனால் பலகைக்குப் போகிற வழியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நான் சட்டென்று குனிந்து மேஜையில் கிடந்த ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து உருட்டினேன். வெளியே மீன் வண்டிக்காரரின் ஒலிபெருக்கி எதையோ கூவிக்கொண்டு போகிறது, எட்டாம் வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கிறார்கள், மணி அடிக்கக் கூடாதா, அடித்தால் என்ன செய்வேன், அடிக்காமலே இருக்கட்டும். நாளைய பேர்களை இந்தப் பீரியடு முடிவில் எழுதுவது வழக்கம். நாளைக்கு யார். வரிசையில் ஹர்ஷினி, பிறகு தமிழினி. எழுதாமல் போனால் மறந்துவிட்டார்கள் என்று இருந்துவிடுவார்கள். மறந்த மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடலாம். திங்கட்கிழமை வரை மட்டும் எப்படியாவது. பார், திங்கட்கிழமை எப்படி நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மணி அடித்தது. அடுத்தது விளையாட்டுப் பீரியட், ஒரு நிமிஷத்தில் அறை காலி, பெஞ்சுகள் கோணலாகக் கிடக்கின்றன, யாரோ தண்ணீர் பாட்டிலை உருட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். முத்துப்பேச்சி மட்டும் படத்துக்குப் பேர் குறித்துக்கொண்டிருக்கிறாள், நிதானமாக, விளையாட்டுப் பீரியடில் யாரும் அணியில் சேர்க்கப் போவதில்லை என்கிற நிதானம். நான் எழுந்தேன். டஸ்டரை எடுத்து முதலில் பெருங்குடலை அழித்தேன், சிறுகுடலை, இரைப்பையை, வாயை, அப்படியே கையை நீட்டிக்கொண்டு மூலைக்குப் போனேன். இன்பென்டா, சந்தனமாரி இரண்டும் போயிற்று. இன்றைய தோழி என்பதன் மேல் டஸ்டரை வைத்தேன்.

"டீச்சர், அத அழிச்சிராதீங்க."

திரும்பாமலே நின்றேன். இல்ல பிள்ள, இது வேண்டாம்னு பாக்கேன் என்றேன்.

"ஏன் டீச்சர்?"

நான் திரும்பினேன். "அவங்க இதுக்கு டூட்டின்னு பேரு வச்சிருக்காங்க, உனக்குத் தெரியும்தானே" என்றேன்.

"முதல் நாளே தெரியும் டீச்சர். ஹர்ஷினிதான் வச்சா." பென்சிலைப் பையில் போட்டாள். "தட்டு கழுவுறதுக்கு இது பரவால்ல டீச்சர். கையெல்லாம் ஊறிப் போவும்."

டஸ்டரை மேஜையில் வைத்தேன். அவள் பெஞ்சைவிட்டு வெளியே வந்தாள், முன்னால் வந்தாள், ஏதோ சொல்ல நிற்கிறாள் என்று தெரிந்தது. சொல்லு பிள்ள என்றேன்.

"ரெண்டு பேரா போடாதீங்க டீச்சர். ரெண்டு பேருன்னா அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுதாங்க. நான் நடுவுல சும்மா இருக்கேன். ஒருத்தின்னா பேசாம இருக்க முடியாதுல்லா. எவ்வளவு நேரந்தான் சும்மா இருப்பா, எங்கிட்ட ஏதாவது பேசுவா."

இத்தனை நாளில் இவளிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்காமலே பதில் சொல்லிவிட்டாள். யார் பேரை எழுத என்று கேட்டேன். யோசித்தாள், ஃபேன் பாட்டை யோசித்த அதே முகத்தோடு. "தமிழினி போடுங்க டீச்சர். அவ கொஞ்சம் பேசுவா." நான் தமிழினி என்று எழுதினேன். பச்சைச் சாக்பீஸ் இல்லை, கையில் இருந்த வெள்ளையில் எழுதினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு பையை மாட்டிக்கொண்டாள், வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"திங்கக்கிழம மட்டும் ரெண்டு பேரு போட்டுக்கிடுங்க டீச்சர். அந்த சார் வாராங்கல்லா. ரெண்டு பேருன்னாதான் போட்டோல நெறஞ்சு இருக்கும்."

"திங்கக்கிழம போட்டோ கிடையாது" என்றேன். ஞானப்பூ டீச்சரிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமல்தான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன், இதையாவது திருப்பி எடுக்கக் கூடாது என்று பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் முகம் சின்னதாகிப்போனது.

"போன தடவ நான் சிரிக்கல, அதுக்கா டீச்சர்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று திரும்பத் திரும்பத் தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்கு அது போதவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்.

"இந்தத் தடவ சிரிக்கேன் டீச்சர்."